மேஸ்திரி பில்லில் பிடிக்கும் ஒரு சதவீதம்

சேலத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எழும்பும்போது வாசலில் பில்டரின் பெயர்ப் பலகை ஒன்றுதான் இருக்கும். உள்ளே நடக்கும் வேலை பல கைகளில் பிரிந்து கிடக்கும். சென்ட்ரிங் ஒருவர் எடுத்திருப்பார். கம்பி கட்டுவது இன்னொருவர். கட்டு வேலையும் பூச்சும் ஒரு மேஸ்திரியிடம், டைல்ஸ் ஒட்டுவது வேறொரு குழுவிடம், பெயிண்டிங் அதற்கப்புறம் வருபவரிடம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வேலையை எடுத்து, கொத்தனார், பெரியாள், சித்தாள் எல்லோருக்கும் சனிக்கிழமை பட்டுவாடா செய்துவிட்டு, கையில் நிற்பதைத் தன் வருமானமாக வைத்துக்கொள்பவர்கள் இவர்கள். சைட்டில் இவர்களை லேபர் காண்ட்ராக்டர் என்போம். வருமான வரிச் சட்டத்துக்கு இவர்கள் துணை ஒப்பந்ததாரர்கள்.

இவர்களுடைய பில்லில் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்கிறார்கள். லட்ச ரூபாய்க்கு ஆயிரம் ரூபாய். தொகை சிறியது என்பதால் பெரும்பாலான மேஸ்திரிகள் அதைப் போன பணமாகவே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது, யார் கணக்கில் நிற்கிறது, திரும்ப வருமா என்று கேட்டால், பில்லைப் பாஸ் செய்யும் சைட் இன்ஜினியருக்கே பல இடங்களில் பதில் தெரியாது. அது மேஸ்திரியின் பணம். அரசாங்கத்திடம் அவர் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்ட வரி. பெரும்பாலான மேஸ்திரிகளுக்கு அது முழுதாகத் திரும்பக் கிடைக்க வேண்டிய பணமும்கூட. இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது, எங்கெங்கே மேஸ்திரியின் கையைக் கடிக்கிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஒப்பந்த வேலைக்குப் பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடிக்கும் முறை 1972-இல் 194சி என்ற பிரிவாக வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்தது. ஆட்களை மட்டும் அனுப்பும் லேபர் காண்ட்ராக்டும் இதில் அடக்கம். 2009 செப்டம்பர் வரை விகிதம் ஆளின் நிலையைப் பொறுத்து இருந்தது. முதன்மை ஒப்பந்ததாரருக்கு 2 சதவீதம், அவருக்குக் கீழே எடுப்பவருக்கு 1 சதவீதம். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் கணக்கு மாறியது. பணம் வாங்குபவர் தனிநபராகவோ இந்துக் கூட்டுக் குடும்பமாகவோ இருந்தால் 1 சதவீதம், பார்ட்னர்ஷிப், கம்பெனி போன்ற மற்ற எல்லோருக்கும் 2 சதவீதம். முதல் கையா இரண்டாம் கையா என்பதற்கு இப்போது இடமே இல்லை. ஆனாலும் ‘சப் காண்ட்ராக்ட்னா ஒரு பர்சன்ட்’ என்ற பழைய பேச்சு இன்னமும் சைட்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மேஸ்திரிகள் பார்ட்னர்ஷிப் போட்டு வேலை எடுத்தால் அவர்களுக்கு 2 சதவீதம்தான் பிடிப்பார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறை. சம்பளம் தவிர்த்த டிடிஎஸ் எல்லாமே அதில் 393-ஆம் பிரிவின் அட்டவணைக்குள் போய்விட்டது. விகிதமும் வரம்பும் ஒப்பந்த வேலைக்கு மாறவில்லை. ஆடிட்டர் ஆபீஸ்களிலும் பில்களிலும் எல்லோருக்கும் பழகியவை பழைய எண்கள்தான் என்பதால் இங்கேயும் அவற்றையே வைத்துக்கொள்கிறேன்.

எப்போது பிடிக்க வேண்டும்? ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினால் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பில்லும் அதற்குள் இருந்தாலும், ஒரே ஆளுக்கு ஒரு நிதியாண்டில் கொடுத்த மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினால் பிடிக்க வேண்டும். சில சைட்டுகளில் 29,000, 28,500 என்று பில்லை உடைத்து உடைத்துப் போடுவார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. வாரம் 25,000 வாங்கும் ஒரு பிளம்பிங் காண்ட்ராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் ஒன்றும் பிடிக்க மாட்டார்கள். ஐந்தாவது வாரம் மொத்தம் 1,25,000 ஆகிறது. அந்த வாரக் கூலிக்கு 250 மட்டும் பிடித்தால் போதாது. ஆரம்பத்திலிருந்து கொடுத்த முழுத் தொகைக்கும் சேர்த்து 1,250 பிடிக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஆட்களுக்குக் கொடுக்க வைத்திருந்த கணக்கில் ஆயிரம் ரூபாய் திடீரென்று இடிக்கும். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் தகராறு வராது.

அட்வான்ஸுக்கும் பிடிக்க வேண்டும். கணக்கில் வரவு வைப்பது, பணமாகக் கொடுப்பது, இரண்டில் எது முதலில் நடக்கிறதோ அப்போதே பிடித்தாக வேண்டும் என்பது விதி. இதனால் இன்னொரு சிக்கலும் வருகிறது. பில் தொகையில் 5 சதவீதத்தையோ 10 சதவீதத்தையோ ஓதம், விரிசல் எதுவும் வருகிறதா என்று பார்ப்பதற்காக நிறுத்தி வைப்பது வழக்கம். கணக்கில் முழு பில்லும் வரவாகிவிட்டால் வரியும் முழு பில்லுக்குப் பிடித்தம் ஆகிவிடும். ஆக, மேஸ்திரியின் கைக்கு வராத பணத்துக்கும் அவர் பெயரில் வரி போய்விட்டிருக்கும். வருமான வரித் துறையின் பதிவில் 12 லட்சம் என்றும், அவருடைய பாஸ்புக்கில் 11 லட்சத்துச் சொச்சம் என்றும் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிக் காரணம் மார்ச் மாதம். பில் மார்ச் 31-இல் கணக்கேறும், பணம் மே மாதம் வரும்.

பிடிக்க வேண்டியவர் யார் என்பதிலும் குழப்பம் உண்டு. கம்பெனி, பார்ட்னர்ஷிப் நிறுவனம், அரசுத் துறை, மாநகராட்சி எல்லாம் எப்போதும் பிடிக்க வேண்டும். தனிநபராகத் தொழில் செய்பவர், முந்தைய ஆண்டில் வியாபாரம் 1 கோடியைத் தாண்டியிருந்தால் மட்டும் பிடிக்க வேண்டும். செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்யும் ஒருவர், ஆண்டுக்குப் பல கோடி புரட்டுபவர், கடையை இடித்துக் கட்டினால் மேஸ்திரி பில்லில் பிடித்தாக வேண்டும். அவரே குடியிருக்க வீடு கட்டினால் இந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது. சொந்த வீட்டு வேலைக்கு வேறொரு விதி இருக்கிறது. ஒரே காண்ட்ராக்டருக்கு ஓராண்டில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தால் 194எம் பிரிவின்படி 2 சதவீதம் பிடிக்க வேண்டும். 2024 அக்டோபருக்கு முன்பு அது 5 சதவீதமாக இருந்தது. இதற்கு டான் எண் (வரி பிடிப்பவர்களுக்கான தனி எண்) வாங்க வேண்டாம், பான் எண்ணே போதும். பேர்லேண்ட்ஸ் பக்கம் பெரிய வீடு கட்டுபவர்கள் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பது வேலை முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. சாதாரணமாக வீடு கட்டும் குடும்பங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

மேஸ்திரியே தன் கீழ் வேலையைப் பிரித்துக் கொடுத்தால்? போன ஆண்டு அவருடைய வரவு 1 கோடியைத் தாண்டாதவரை அவர் யாரிடமும் பிடிக்க வேண்டியதில்லை. தாண்டிவிட்டால் அவரும் டான் எண் வாங்கி, பிடித்து, கட்டி, ரிட்டர்ன் போட வேண்டும். தினக்கூலிக்கு வரும் ஆட்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் ஒப்பந்தம் எடுத்தவர்கள் இல்லை.

பிடித்த பணத்தின் பாதை இது. பில்டர் அதை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அரசுக் கணக்கில் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. கட்டினால் மட்டும் வேலை முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இன்னாருடைய பான் எண்ணில் இவ்வளவு கொடுத்தேன், இவ்வளவு பிடித்தேன் என்று டிடிஎஸ் ரிட்டர்ன் போட வேண்டும். அந்த ரிட்டர்ன் போன பிறகுதான் பணம் மேஸ்திரியின் பெயரில் 26ஏஎஸ் பதிவில், அதாவது அவர் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறைக் கணக்கில் ஏறும். அப்புறம்தான் 16ஏ சான்றிதழும் கிடைக்கும். ஏப்ரல் முதல் வாரம் பிடித்த ஆயிரம் ரூபாயை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலாண்டுக்கான ரிட்டர்ன் கெடு ஜூலை 31. சான்றிதழுக்கு அதிலிருந்து இன்னும் 15 நாள். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே, ஏப்ரலில் பிடித்ததற்கு ஆகஸ்ட் பாதியில்தான் ஆதாரம் கையில் வரும். அதற்குள் மேஸ்திரி அந்த சைட்டை முடித்துவிட்டு ஓமலூர் பக்கமோ ஆத்தூர் பக்கமோ வேறு வேலைக்குப் போயிருப்பார். அந்த பில்டரின் அக்கவுண்டன்ட் மாறியிருப்பார். இந்த இடைவெளியில்தான் நிறையப் பணம் காணாமல் போகிறது என்று நினைக்கிறேன்.

பிரிட்டனில் கட்டடத் தொழிலுக்கென்றே தனியாக ஒரு பிடித்தத் திட்டம் 1970-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. இன்றைய வடிவில் அங்கே காண்ட்ராக்டர், வேலை எடுப்பவரின் பதிவை முதலில் வரித் துறையிடம் சரிபார்க்க வேண்டும். பதிவு செய்தவருக்கு 20 சதவீதம், செய்யாதவருக்கு 30 சதவீதம் பிடிக்கிறார்கள். நல்ல வரி வரலாறு உள்ளவர்கள் தகுதி பெற்றால் ஒன்றும் பிடிக்காமல் முழுப் பணமும் கொடுக்கலாம். விகிதத்தைக் கேட்டால் நம் மேஸ்திரிக்கு மயக்கமே வந்துவிடும். ஆனால் அங்கே இரண்டு விஷயங்கள் நம்மைவிட நேர்மையாக இருக்கின்றன. முதலாவது, பொருள் வாங்கிய செலவைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் பிடிக்கிறார்கள். இரண்டாவது, எவ்வளவு பிடித்தோம் என்ற எழுத்துச் சீட்டை மாதக் கணக்கு முடிந்த 14 நாளுக்குள் வேலை எடுத்தவர் கையில் கொடுத்தாக வேண்டும். நம்மிடம் விகிதம் குறைவு. அது கூலி வேலைத் தொழிலுக்கு நல்லதுதான். சீட்டுதான் தாமதமாக வருகிறது.

பொருள் செலவு விஷயம் சமவெளியைவிட மலையில் அதிகமாகத் தெரியும். ஏற்காட்டில் ஒரு கம்பெனி வாடகைக்கு விட காட்டேஜ் கட்டுவதென்றால் சிமென்ட், கம்பி, எம்சாண்ட் எல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் போக வேண்டும். கட்டட அனுமதியும் மலைப்பகுதிக்கென்று தனி விதிகளோடுதான் வரும். மேலே தங்க ஆட்களுக்கு ஷெட், சமையல் எல்லாம் சேர்த்துப் பேச வேண்டும். அதனால் பல உரிமையாளர்கள் தலைவலி வேண்டாம் என்று பொருளும் கூலியும் சேர்த்து மொத்தமாக ஒருவரிடம் விட்டுவிடுவார்கள். 40 லட்சத்துக்குப் பேசினால், அதில் 25 லட்சம் பொருளுக்கும் லாரி வாடகைக்கும் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் சட்டப்படி கட்டட ஒப்பந்தத்தில் 40 லட்சத்துக்கும் சேர்த்தே 1 சதவீதம், அதாவது 40,000 பிடிப்பார்கள். கடையில் வாங்கிய சிமென்டுக்கும் சேர்த்து, அதை வெறுமனே கைமாற்றிவிடும் காண்ட்ராக்டர் வரி கொடுத்திருக்கிறார் என்று பொருள். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டினால் அந்தத் தொகையை மட்டும் விட்டுவிட்டுப் பிடிக்கலாம்.

உரிமையாளரே பொருளை வாங்கிப் போட்டு, கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் கொடுத்தால் பிடித்தம் கூலிக்கு மட்டும்தான். சின்ன முதல் வைத்திருக்கும் மேஸ்திரிக்கு இதுவே நல்லது. குவாரியில் எம்சாண்டை டெலிவரியோடு வாங்கினால் அது சாதாரணக் கொள்முதல், ஒப்பந்த வேலை கிடையாது. லாரியைத் தனியாக வாடகைக்குப் பேசினால், ஆண்டில் எப்போதும் பத்து வண்டிக்கு மேல் வைத்திராத உரிமையாளர் பான் எண்ணோடு ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் ஒன்றும் பிடிக்க வேண்டாம். சங்ககிரியில் ஒன்றிரண்டு லாரி வைத்து ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் இந்தச் சலுகை உண்டு. கேட்டால்தான் கொடுப்பார்கள்.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருகிறேன். பூச்சு வேலை எடுக்கும் ஒரு மேஸ்திரி ஓராண்டில் ஒரு பில்டரிடம் 12 லட்சத்துக்கு வேலை முடிக்கிறார். ஆட்கள் கூலி, சாரம், டீ செலவு, வண்டி எல்லாம் போக அவருக்கு நிற்பது ஒன்றரை லட்சம். அவர் பெயரில் 12,000 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். அவர் கட்ட வேண்டிய வரி எவ்வளவு? ஒன்றுமே இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. 12 லட்சம் வரை வருமானம் இருந்தால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். அந்த 12,000-உம் திரும்ப வர வேண்டியதுதான். பன்னிரண்டாயிரம் என்பது பள்ளிக்கூடப் பீஸில் ஒரு பகுதி. விடக்கூடிய தொகை இல்லை.

எல்லாச் செலவுக்கும் ரசீது வைத்து நிரூபிக்க வேண்டுமே என்று பயப்படுகிறார்கள். தேவையில்லை. 44ஏடி என்ற பிரிவு இதற்காகவே பிறந்தது. 1994-இல் வந்தபோது அது கட்டடத் தொழிலுக்கும் அதற்கு ஆள் அனுப்புபவர்களுக்கும் மட்டும்தான். 40 லட்சம் வரை வரவு உள்ளவர்கள் 8 சதவீதத்தை வருமானமாகக் காட்டினால் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டாம் என்றார்கள். சித்தாள் கூலிக்கு யாரும் ரசீது தர மாட்டார்கள் என்பது அப்போதே அரசுக்குப் புரிந்திருக்கிறது. பின்னால் அதை மற்றச் சிறு தொழில்களுக்கும் விரித்தார்கள். இன்றைக்கு 2 கோடி வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை இது பொருந்தும். வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம். உண்மையில் அதைவிட அதிகம் நின்றிருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். நம் மேஸ்திரி ஒன்றரை லட்சத்தைக் காட்டினாலும் வரி இல்லை. அவர் தன் வருமான வரி ரிட்டர்ன் போட்டால் பெங்களூரில் உள்ள மையத்தில் அது பரிசீலனையாகி, ரீஃபண்டு நேராக அவர் வங்கிக் கணக்குக்கு வரும். போடவில்லையென்றால் வராது. யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

வரி இல்லாவிட்டாலும் சிலர் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். ஆண்டில் 25,000 ரூபாயோ அதற்கு மேலோ பிடித்தம் ஆகியிருந்தாலோ தொழில் வரவு 60 லட்சத்தைத் தாண்டியிருந்தாலோ கட்டாயம்.

ரிட்டர்ன் போட்டால் வீட்டில் பெண்ணுக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்று ஒரு பயம் ஊருக்குள் பரவியிருக்கிறது. அந்தத் திட்டத்தின் வரம்பு குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் என்பது. மேஸ்திரியின் வருமானம் அவருக்கு நின்ற ஒன்றரை லட்சம். ஆட்கள் கூலிக்கும் மற்றச் செலவுக்கும் போன பத்தரை லட்சம் அவர் வருமானம் ஆகாது. உண்மையில் அதை எழுத்தில் சொல்லும் ஒரே ஆவணம் அந்த ரிட்டர்ன்தான். ரிட்டர்ன் போடாமல் விட்டால், அவர் பான் எண்ணில் 12 லட்சம் வரவு என்ற பதிவு மட்டும் விளக்கம் இல்லாமல் நிற்கும்.

இதைவிட மோசமானது, தன் பான் கார்டு இல்லை என்று மனைவியின் எண்ணையோ மச்சானின் எண்ணையோ கொடுப்பது. சைட் அக்கவுண்டன்டுக்கு ஏதோ ஓர் எண் வேண்டும், கேட்காமல் போட்டுவிடுவார். அந்த 12 லட்சமும் வேலையே செய்யாத ஒருவர் பெயரில் ஏறிவிடும். பணம் வந்த வங்கிக் கணக்கு ஒருவருடையது, வருமானம் இன்னொருவர் பெயரில் என்றால் யாருக்கும் ரீஃபண்டு ஒழுங்காக வராது. அண்ணன் தம்பி வேலை எடுத்துச் செய்யும் குழுக்களில் இது அடிக்கடி நடக்கிறது.

பான் எண்ணே கொடுக்கவில்லை என்றால் 1 சதவீதம் 20 சதவீதம் ஆகிறது. ஆதாரோடு இணைக்காத பான் எண் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்ததாகக் கருதப்படுகிறது. அதற்கும் இதே 20 சதவீதம்தான். நம் மேஸ்திரியின் 12 லட்சத்தில் 2,40,000 ரூபாய். அவருக்கு நிற்பதே ஒன்றரை லட்சம்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் கூலியிலிருந்து எடுத்துத்தான் அந்த 20 சதவீதத்தை அவர் தாங்க வேண்டும். அதாவது தாங்கவே முடியாது. வட்டிக்கு வாங்குவார், அல்லது வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போவார். வரி ஏய்ப்பவர்களைப் பிடிக்க வைத்த விதி, லாபம் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் நிற்காத தொழிலில், மொத்த வரவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தீர்வு சிறியது: 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி ஆதாரை இணைப்பது. வேலை பேசும் அன்றைக்கே பான் எண் செயலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். முதல் பில் போட்ட பிறகு பார்ப்பது தாமதம்.

வங்கியில் வைப்புத்தொகைக்கு, வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்று 15ஜி படிவம் எழுதிக் கொடுத்தால் பிடிக்காமல் விடுகிறார்களே, அதைப் போல பில்டரிடமும் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. ஒப்பந்தப் பணத்துக்கு 15ஜி, 15எச் செல்லாது. குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லி 197-ஆம் பிரிவில் வருமான வரி அதிகாரியிடம் சான்றிதழ் வாங்க வழி உண்டு. ஆனால் அது பெரிய காண்ட்ராக்டர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

பல சைட்டுகளில் வேறொரு வழியைக் கையாள்கிறார்கள். மேஸ்திரிக்குக் கொடுத்ததாகவே கணக்கில் காட்டாமல், ஒவ்வொரு ஆளுக்கும் தாங்களே தினக்கூலி கொடுத்ததாக மஸ்டர் ரோல் என்ற ஆள் வருகைப் பதிவேடு எழுதிக்கொள்வது. டிடிஎஸ் வேலை மிச்சம், ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் செலவாக ஏற்க மாட்டார்கள் என்ற விதியிலிருந்தும் தப்பலாம். மேஸ்திரிக்கும் முதலில் சந்தோஷமாகவே இருக்கும், ஒன்றும் பிடிக்கவில்லையே என்று. ஆனால் பல ஆண்டுகள் இப்படி வேலை செய்த ஒருவர் மிக்ஸர் மெஷின் வாங்கவோ வீட்டுக்கடனுக்கோ வங்கிக்குப் போனால், அவர் வேலை செய்தார் என்பதற்கே காகிதம் இருக்காது. மூன்று ஆண்டு ரிட்டர்ன் கொண்டு வாருங்கள் என்பார்கள். இந்த 1 சதவீதத்தின் பெரிய பயன் அதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். தன் கையால் எத்தனையோ மாடிகள் எழுப்பிய மனிதருக்கு, இவர் இந்த ஆண்டு இவ்வளவு தொழில் செய்தார் என்று அரசுப் பதிவேட்டில் எழுதப்படும் ஒரே வரி 26ஏஎஸ்ஸில் வரும் அந்த வரி.

அந்தப் பதிவுக்கு மறுபக்கமும் உண்டு. வருமான வரித் துறையிடம் உள்ள இந்தத் தகவலை ஜிஎஸ்டி துறையும் பார்க்கிறது. 35 லட்சத்துக்கு ஒப்பந்த வரவு இருக்கிறது, பதிவு எங்கே என்று நோட்டீஸ் வரலாம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். தனி வீட்டுக்குக் கூலிக்கு மட்டும் எடுக்கும் வேலைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அடுக்குமாடிக்கு அந்த விலக்கு இல்லை. எந்தப் பணம் எந்த வேலைக்கு வந்தது என்று ஒரு நோட்டில் பிரித்து எழுதி வைத்திருப்பவர் இந்த நோட்டீஸுக்கு எளிதாகப் பதில் சொல்லலாம்.

அரசு வேலைகளில் பிடித்தங்கள் கூடுதல். மாநகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ கொடுக்கும் பில்லில் வருமான வரிப் பிடித்தம் ஒன்று. 2018 அக்டோபர் முதல், ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டிக்கு 2 சதவீதம் தனி. கட்டுமானத் தொழிலாளர் நலநிதிக்கு 1 சதவீதம் இன்னொன்று.  மூன்றும் மூன்று கணக்கு. வருமான வரிப் பிடித்தம் ரிட்டர்னில் திரும்பக் கிடைக்கும். ஜிஎஸ்டி பிடித்தம் ஜிஎஸ்டி ரொக்கப் பேரேட்டில் வந்து சேரும். நலநிதி திரும்பாது, அது தொழிலாளர் நல வாரியத்துக்குப் போய்ச் சேரும் பணம். மேல் காண்ட்ராக்டர் இவை எல்லாவற்றையும் ‘கவர்மென்ட் பிடித்தம்’ என்று ஒரே வரியில் எழுதி, கீழே வேலை எடுத்தவரின் பில்லில் 5 சதவீதம் கழித்துக்கொள்வதுண்டு. அவருடைய பில்லில் அவர் பெயரில் வருமான வரியாகப் பிடிக்க வேண்டியது 1 சதவீதம்தான். மற்றவை மேல் காண்ட்ராக்டருடைய பிடித்தங்கள். அவற்றைக் கீழே தள்ளுவது அவர்களுக்குள் பேசி முடிவு செய்யும் விலை விவகாரம், வரி விதி இல்லை. பில்லில் ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கசப்பான விஷயம். மேஸ்திரியிடம் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விடுவது. பில்டருக்குப் பணம் முடங்கியிருக்கும், அடுத்த மாதம் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார், அப்படியே தள்ளிப்போகும். சட்டம் இதைக் கடுமையாகவே பார்க்கிறது. பிடித்துக் கட்டாத தொகைக்கு மாதம் 1.5 சதவீதம் வட்டி. ரிட்டர்ன் தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய், வரித் தொகை அளவு வரை. வழக்குத் தொடரவும் இடம் உண்டு. பிடிக்காமலேயே விட்டாலும் அந்தச் செலவில் 30 சதவீதத்தைக் கழிக்க விட மாட்டார்கள். இந்த நிலையில் வேலை எடுத்தவரைக் காக்க 205 என்று ஒரு பிரிவு இருக்கிறது: உன்னிடம் ஏற்கெனவே பிடித்த வரியை உன்னிடமே மறுபடி கேட்கக் கூடாது என்கிறது அது. ஆனால் கம்ப்யூட்டருக்கு 26ஏஎஸ்ஸில் உள்ளதுதான் தெரியும். அங்கே வராத தொகையை ரிட்டர்னில் கேட்டால் ரீஃபண்டு வராது, சில நேரம் எதிராகக் கட்டச் சொல்லியும் தாள் வரும். அப்போது பிடித்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். மேஸ்திரி கையில் அதற்கு என்ன இருக்கிறது? 1 சதவீதம் கழித்ததாக எழுதிய பில் நகல், கழித்த தொகை மட்டும் வந்து சேர்ந்த வங்கிப் பதிவு, வாட்ஸாப்பில் அக்கவுண்டன்ட் அனுப்பிய கணக்கு. வாய்ப்பேச்சில் நடக்கும் தொழிலில் இதையெல்லாம் எடுத்து வைக்கும் பழக்கம் குறைவு. அதனால் பில்லைக் கையில் வாங்காமல் சைட்டை விட்டு வரக் கூடாது என்று எனக்குத் தெரிந்த மேஸ்திரிகளிடம் வற்புறுத்திச் சொல்கிறேன்.

பான் எண்ணில் ஓர் எழுத்து மாறிப்போவது, காலாண்டு மாறிப்போவது போன்றவை கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. பில்டரின் ஆடிட்டர் திருத்த ரிட்டர்ன் போட்டால் பதிவு சரியாகிவிடும். ஆனால் இதற்கான காலவரம்பு முன்பைவிடச் சுருங்கியிருக்கிறது. பழைய சட்டத்தில் 6 ஆண்டு வரை திருத்த முடிந்தது, புதிய சட்டத்தில் 2 ஆண்டு. ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, ஜூன் என்று ஒவ்வொரு காலாண்டு ரிட்டர்ன் கெடுவும் முடிந்த பிறகு வருமான வரித் தளத்தில் ஆதார் எண்ணை வைத்து உள்ளே போய் 26ஏஎஸ்ஸைப் பார்த்தால், எந்த பில்டர் பதிவு ஏற்றினார், எவர் ஏற்றவில்லை என்று பெயரோடு தெரியும். ஏற்றாதவரிடம் அவருக்கு நீங்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, நிறுத்தி வைத்த பணம் பாக்கி இருக்கும்போதே, 16ஏ கேட்டு வாங்கிவிடுங்கள்.